அட்டை இல்லாத மாத்திரைக்குப் பெயர் சொல்ல மறுத்த காலடிப்பேட்டை மருந்துக் கடை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து காலடிப்பேட்டைக்குள் பிரியும் தெரு ஒன்றில், பத்தடி அகலம் கூட இல்லாத ஒரு மருந்துக் கடை இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கடையின் மருந்தாளுநர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அந்தக் கடையின் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் சென்ற மாதம் என் தாயாருடைய மாத்திரை டப்பாவில் கிடந்த ஒரு மருந்து என்னவென்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

என் தாயாருக்கு 71 வயது. அப்பா தவறிய பிறகு நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் அவரை வாட்டின. ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு வாசல் தெளிக்கப் போனவர் கால் தள்ளாடி விழுந்தார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு முறிவில்லை என்றார்கள். ஆனால் "வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று பணி மருத்துவர் கேட்டபோது என்னிடம் முழுமையான பதில் இல்லை. வீட்டுக்கு வந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் முழு அட்டைகளாக இருந்தன. அவற்றின் நடுவே ஒன்பது சிறிய வெள்ளை மாத்திரைகள் கிடந்தன. அவற்றில் நான்கு மட்டுமே கத்தரித்த அட்டைத் துண்டுக்குள் இருந்தன, மற்ற ஐந்தும் உதிரியாகக் கிடந்தன. கேட்டதற்கு அம்மா "நரம்பு மாத்திரை" என்றார்.

உதிரி மாத்திரை ஒன்றை எடுத்துக்கொண்டு முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வேறொரு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த இளைஞர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "பி.பி. மாத்திரைதான், எத்தனை வேணும்?" என்றார். ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு இன்னொன்றையும் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது. அன்று கைப்பேசியில் படம் பிடித்தும் தேடினேன், மூன்று இடங்களில் மூன்று பெயர்கள் வந்தன. காரணம் பின்னால்தான் விளங்கியது. அமெரிக்காவில் விற்கப்படும் மாத்திரைகளின் மேல் அடையாள எழுத்தோ எண்ணோ பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி, அந்த எழுத்தை வைத்துத்தான் அங்குள்ள தேடல் பக்கங்கள் வேலை செய்கின்றன. நம் ஊரில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் அப்படி எதுவும் இருப்பதில்லை. ஒரே மருந்து ஒரு கம்பெனியில் வெள்ளையாகவும் இன்னொரு கம்பெனியில் இளஞ்சிவப்பாகவும் வரும். ஆகவே நம் ஊர் மாத்திரையின் அடையாளம் பெரும்பாலும் அதன் அட்டையில்தான் இருக்கிறது, அட்டை போனால் அடையாளமும் போய்விடுகிறது.

மாலையில் காலடிப்பேட்டைக் கடைக்குப் போனேன். மருந்தாளுநர் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண். அவர் உதிரி மாத்திரையைக் கையில் வாங்கவே இல்லை. "அக்கா, மாத்திரையோட முகத்தைப் பார்த்து நான் பேர் சொல்ல மாட்டேன். அட்டை இருக்கா, டாக்டர் சீட்டு இருக்கா, பழைய பில் இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது அந்த நான்கு மாத்திரைத் துண்டு மட்டும். அதன் பின்பக்கத் தாளில் பெயரின் பின்பாதியும், 0.5 மில்லிகிராம் என்ற அளவும், சிவப்புக் கட்டத்தின் ஒரு மூலையும் தெரிந்தன. காலாவதித் தேதி இருந்த ஓரம் கத்தரியில் போயிருந்தது.

அடுத்து அவர் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அம்மா இதற்கு முன் அங்கே மருந்து வாங்கியதுண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் பதிவேட்டை உடனே புரட்டிவிடவில்லை. அம்மாவிடம் தொலைபேசியில் பேசி, "உங்க மகளுக்குச் சொல்லலாமா அம்மா?" என்று அனுமதி கேட்ட பிறகுதான் திறந்தார். சிவப்புக் கட்டம் போட்ட இந்த வகை மருந்துகள், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவற்றுக்கான 'ஷெட்யூல் எச்1' என்னும் பட்டியலில் அடங்கும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இந்த விதிப்படி, சீட்டு எழுதிய மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், கொடுத்த எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பல கடைகள் இதை ஆய்வாளருக்காக எழுதும் கணக்காக மட்டுமே நினைக்கின்றன. இங்கே அந்த நோட்டுதான் எங்களுக்கு வழி காட்டியது. இரண்டு மாதங்களுக்கு முன்பு அம்மாவின் பெயரில், அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், 15 மாத்திரைகள் என்று அதில் எழுதியிருந்தது. அல்பிரசோலம் என்பது படபடப்பைத் தணிக்கும் மருந்து.

மருந்தாளுநர் அத்துடன் நிறுத்தவில்லை. "நான் கொடுத்தது பதினைஞ்சு நாளைக்கு, அது எப்பவோ தீர்ந்திருக்கணும். உங்க கையில இருக்கறது 0.5. அளவும் வேற, கடையும் வேற" என்றார். தம்மிடம் இருந்த முழு அட்டை ஒன்றை எடுத்து, எங்கள் துண்டில் இருந்த அரைகுறை எழுத்துகளோடு வரி வரியாக ஒப்பிட்டுக் காட்டினார். அட்டைத் துண்டில் இருந்த நான்கும் அல்பிரசோலம் 0.5 என்று உறுதியானது. உதிரியான ஐந்தைப் பற்றி, "இதுவும் அதுவாத்தான் இருக்கும்னு நீங்க நினைக்கலாம், நான் சொல்ல மாட்டேன்" என்று கூறி, அவற்றைக் காலாவதி மருந்துகளுக்கான பெட்டியில் போட்டுவிட்டார். தெரிந்ததற்கும் ஊகத்திற்கும் நடுவே இப்படிக் கோடு கிழிக்கத் தெரிந்தவரிடம் மருந்து வாங்குவதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது.

நடந்தது பிறகு தெரிந்தது. பதினைந்து நாள் மருந்து தீர்ந்ததும், மறுபடி மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டு, அம்மா காலி அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போயிருக்கிறார். அவர்கள் சீட்டு கேட்காமல், கையிருப்பில் இருந்த 0.5 மில்லிகிராமைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தாம் விற்ற மாத்திரையையே அவர்கள்தாம் என்னிடம் பி.பி. மாத்திரை என்று சொன்னார்கள். ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஒவ்வோர் இரவும் அம்மா தமக்கு எழுதியதைப் போல் இரண்டு மடங்கு சாப்பிட்டிருக்கிறார். மாத்திரை பார்ப்பதற்கு முன்பு போலவே இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

அல்பிரசோலம் பென்சோடயசெபைன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே குடும்பத்தின் டயசெபாம் 1960களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது, அல்பிரசோலம் அமெரிக்காவில் 1981இல் அனுமதி பெற்றது. மூளையில் நரம்புகளை அடக்கி அமைதிப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருளின் வேலையை இது கூட்டுகிறது, அதனால்தான் படபடப்பு விரைவில் அடங்குகிறது. அதே காரணத்தால் நடையின் நிதானமும் நினைவும் மூச்சின் வேகமும் கூட மந்தப்படலாம். மருந்தாளுநர் விளக்கியதில் எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: வயது வந்த, ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் இம்மருந்து பாதியாகக் குறையச் சராசரியாக 11 மணி நேரமும், முதியவர்களுக்குச் சுமார் 16 மணி நேரமும் ஆகும். இரவு 9 மணிக்குச் சாப்பிட்ட மாத்திரையில் பாதிக்கு மேல் விடியற்காலை 5 மணிக்கு அம்மாவின் உடலில் இருந்திருக்கிறது. குனிந்து வாசல் தெளிக்கிறவருக்கு அதுவே போதும்.

பிறகு அவர் கேள்விகளை அடுக்கினார். சளிக்கு ஏதாவது சிரப் உண்டா, மூட்டுவலிக்கு டிரமடால் உண்டா, கோடீன் கலந்த இருமல் மருந்து உண்டா என்று கேட்டார். டிரமடால், கோடீன் போன்ற, அபின் போல வேலை செய்யும் 'ஓபியாய்டு' மருந்துகளோடு இது சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்குத் தாழலாம் என்றும், 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்காகவே கட்டம் கட்டி அச்சிடும் மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது என்றும் கூறினார். மதுவும் அப்படியே. கடைசியாக, "படர்தாமரைக்கு ஏதாவது காப்ஸ்யூல்?" என்றார். நான் திடுக்கிட்டேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் படர்தாமரை இல்லாத வீடு குறைவு, அம்மாவும் பத்து நாள்களாக இட்ராகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோல் மருத்துவரிடம் 'நரம்பு மாத்திரை' பற்றிச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்லீரல் அல்பிரசோலத்தைச் சிதைத்து வெளியேற்றும் வழியை இட்ராகோனசோலும் அதே வகையைச் சேர்ந்த கீட்டோகோனசோலும் அடைத்துவிடுகின்றன, ஆகையால் இவற்றைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இரண்டு மடங்கு மாத்திரை, அதுவும் எளிதில் வெளியேறாமல் தேங்கி நின்றிருக்கிறது. விழுந்ததற்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றாலும், இரண்டும் சேர்ந்ததே காரணமாக இருக்கக்கூடும் என்று பின்னர் அவருடைய மருத்துவரும் சொன்னார்.

இவ்வளவையும் கேட்டதும் எனக்குத் தோன்றியது, மீதி நான்கையும் சாக்கடையில் வீச வேண்டும் என்பதுதான். மருந்தாளுநர் கையமர்த்தித் தடுத்தார். பல வாரங்கள் தொடர்ந்து சாப்பிட்ட உடல் இதற்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் அறவே போகும், கை நடுங்கும், பழைய பதற்றம் பன்மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பும் வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் பழகிப்போவதையும் நிறுத்தும்போது வரும் இந்த விளைவுகளையும் பற்றி 2020இல் அமெரிக்காவில் இம்மருந்துக் குடும்பம் முழுவதற்கும் அதே போன்ற கட்டம் கட்டிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. நாங்கள் நிற்கும்போதே, சீட்டு எழுதிய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை நாள், எந்த அளவு, கூட என்ன மருந்து என்று சுருக்கமாகச் சொன்னார். அன்றிரவுக்கு என்ன செய்வது என்பதும் மறுநாள் பார்க்க வேண்டிய நேரமும் அங்கேயே முடிவாயின. இட்ராகோனசோலை நிறுத்தி மேல்பூச்சு மட்டும் போதும் என்றார்கள், மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தார்கள். அதன் அளவுகளை இங்கே எழுதமாட்டேன், அது என் தாயாரின் வயதையும் உடலையும் பார்த்து வகுத்தது.

காத்திருந்த வேளையில் இன்னொன்றையும் கவனித்தேன். துறைமுக வேலையிலிருந்து திரும்பியவர் போன்ற ஓர் இளைஞர், "ரெண்டு தூக்க மாத்திரை மட்டும்" என்று தணிந்த குரலில் கேட்டார். மருந்தாளுநர் குரலை உயர்த்தவில்லை, கும்பலின் முன் அவரை அவமானப்படுத்தவும் இல்லை. சீட்டு இல்லாமல் தர முடியாது என்று சொல்லி, 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, "இப்பவே பேசலாம் அண்ணா, தமிழ்லயே பேசுவாங்க" என்று நீட்டினார். மறுப்பதில் இத்தனை பரிவு காட்டலாம் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அட்டையைக் கத்தரிக்காமல் விற்பார்களா என்றால், இல்லை, இங்கும் கத்தரிக்கிறார்கள். முழு அட்டை வாங்கப் பணமில்லாதவர்கள் வாழும் பகுதியில் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி வாடிக்கையாளரிடம் போகும்படி கத்தரித்து, உறையின் மேல் மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை என்பவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறார்கள். முழு அட்டையில் கவனிக்க வேண்டியதையும் எனக்குக் காட்டினார். சிவப்பில் அச்சிட்ட 'என்.ஆர்.எக்ஸ்.' என்ற எழுத்துகளும் சிவப்புக் கரையிட்ட எச்சரிக்கைக் கட்டமும் இருந்தால், அது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத, போதைப்பொருள் சட்டத்தின் கண்காணிப்பிலும் உள்ள மருந்து என்று பொருள். 2023 ஆகஸ்ட் 1க்குப் பிறகு தயாரித்த 300 முக்கியப் பிராண்டுகளில் க்யூஆர் குறியீடும் இருக்கும், கைப்பேசியில் காட்டினால் மருந்தின் பெயரும் தயாரிப்பாளரும் தெரியும். இதுவும் அட்டையோ பெட்டியோ கையில் இருந்தால்தான் உதவும்.

குறைகளும் உண்டு. மாலை 7 மணிக்கு மேல் கூட்டம் நெரிக்கிறது, மனநல மருந்தைப் பற்றிப் பின்னால் நிற்பவர் காதில் விழாமல் பேச அங்கே இடமில்லை. முதியவர்கள் உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. பில் வெப்பத்தாளில் ஆங்கிலத்தில் வருகிறது, எழுத்து விரைவில் மங்கிவிடுகிறது. பழைய பில்லைக் கேட்கிற கடையே மங்கும் பில்லைத் தருவது சரியில்லை என்று சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள், இன்னும் மாற்றவில்லை. பெரிய கடைகளைப் போல் விலைத் தள்ளுபடியும் இல்லை. மருந்தாளுநர் மதியம் 2 மணி முதல் 4.30 வரை கடையில் இருக்கமாட்டார், அந்த நேரத்தில் பொறுப்பில் இருக்கும் பையன் எச்1 பட்டியல் மருந்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. சீட்டோடு போனாலும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் இப்போதெல்லாம் 5 மணிக்கே போகிறேன்.