வெள்ளை அட்டையில் இல்லாத இரண்டு இலக்கம்

கொள்ளிடம் பாலம் தாண்டி ஊருக்குள் நுழைந்ததிலிருந்து எல்லாம் நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு முழு முற்பகலைத் தின்றது கரண்ட் பில். தொகை சொற்பம். கட்டுவதற்கு எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் தகராறு.

பூட்டிக்கிடந்த வீட்டில் எண்கள் இரண்டு இடத்தில் கிடைக்கும்: மீட்டரின் முகப்பில், மீட்டர் பெட்டிக்குள் செருகிய வெள்ளை அட்டையில். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கை முதலில் மீட்டர் எண்ணுக்குத்தான் போகும். அது உதவாது. மீட்டர் எரிந்தால், ஓடாமல் நின்றால் மாற்றுவார்கள், அந்த எண்ணும் அதோடு போய்விடும். சர்வீஸ் நம்பர், அதாவது மின் இணைப்பு எண், மீட்டர் மாறினாலும் வீட்டோடு இருப்பது.

சரி, அட்டைக்கு வருவோம். பேனாவால் எழுதிய மூன்று துண்டுகள் இருக்கும். முதல் மூன்று இலக்கம் பிரிவு அலுவலகம், அதாவது உங்கள் ஈ.பி. ஆபீஸ். அடுத்த மூன்று பகிர்மானம், அந்த ஆபீஸுக்குக் கீழ் வரும் ஒரு பகுதி. கடைசியில் இருப்பதுதான் உங்கள் வீடு. 87 என்று இரண்டு இலக்கமாகவும் இருக்கலாம், நான்கு வரைக்கும் போகலாம். இதை அப்படியே போன் செயலியில் போட்டால் 'தவறான எண்' என்று முகத்திலடிக்கும். காரணம், முன்னால் வரவேண்டிய மண்டல எண். பழைய திருச்சி மண்டலத்துக்கு 06. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய இணைப்புகள் இதில்தான் வரும். அட்டையில் அதை ஏன் எழுதவில்லை? தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அட்டையையும் பணத்தையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பிய காலம் அது. கவுன்டரில் அட்டையைப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள், மீதிச் சில்லறையும் அட்டைக்குள் மடித்து வரும். திருச்சி மண்டலத்துக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் போய்த் திருச்சி மண்டலம் என்று யார் சொல்வார்கள்!

அடுத்த சிக்கல் சுழியங்கள். 12 இலக்கம் கேட்கிற இடத்தில் 2, 3, 3, 4 என்று நிரப்ப வேண்டும். பிரிவு 999, பகிர்மானம் 099, வீடு 87 என்று கற்பனையாக வைத்துக்கொண்டால் 069990990087. பகிர்மானத்தின் முன் சுழியத்தை விட்டுவிடுவதும், 87க்கு முன் இரண்டு சுழியம் போட மறப்பதும் வழக்கமான பிழைகள். கணினியில் எக்ஸெலில் சேமித்து வைத்தவர்களுக்கு இன்னொன்று: அது முதல் சுழியத்தைத் தின்றுவிட்டு 11 இலக்கத்தை மட்டும் காட்டும். எண்ணை எழுத்து வடிவமாகக் குறித்து வைக்க வேண்டும்.

எல்லாம் நிரப்பியும் தப்பு நடக்கும், அதுதான் எரிச்சல். லண்டனில் மின் இணைப்புக்கு 13 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வட்டாரம், நம் 06 மாதிரியே. அங்கே லண்டனுக்கு 12. ஆனால் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே வைத்தது. ஒரு இலக்கம் மாறினால் அநேகமாகக் கணக்கு ஒத்துவராது, எண் செல்லாது. நம் எண்ணில் அந்தக் காவல் கிடையாது. அது முழுக்க முழுக்க விலாசம். பகிர்மானத்தில் ஒரு இலக்கம் பிசகினால் அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ இருக்கும் இன்னொரு 87ஆம் வீட்டுக்குப் போய் நிற்கும். அந்த வீட்டுக்கும் பாக்கி இருந்தால் செயலி சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். ரசீது வரும், நம் வீட்டு பாக்கி அப்படியே நிற்கும், பியூஸைப் பிடுங்க ஆள் வரும்போதுதான் விஷயம் தெரியும். பிறகு ரசீது நகலோடு பிரிவு அலுவலகத்தில் மனு, 'நாளைக்கு வாங்க சார்', விமானத்துக்கோ மூன்று நாள்தான் இருக்கும்.

ஆகவே தொகைக்கு முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். இறந்து இருபது வருடமான தாத்தாவின் பெயர் வந்தால் சரியான வீடு என்று அர்த்தம். அட்டையே இல்லையென்றால் பழைய ரசீது, பதிவான கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி, இரண்டிலும் முழு எண் இருக்கும். குறுஞ்செய்தி ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தால் பிரயோசனமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அட்டை ஊறிப்போனவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தால், குறுக்குவழி அடுத்த வீட்டு அட்டை. ஒரே பகிர்மானமாக இருந்தால் முதல் எட்டு இலக்கம் அப்படியே பொருந்தும். கடைசி எண் மட்டும் தெரிந்தால் போதும். ரீடிங் எடுக்க வருகிறவரிடம் கேளுங்கள், தெரு முழுக்க அவர் கையில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார் என்பதால் அந்த நாள் உங்கள் விடுமுறைக்குள் விழ வேண்டும். இல்லாவிட்டால் மின்வாரியத்தின் வாடிக்கையாளர் சேவை மையமான மின்னகம், 94987 94987.

வயல் மோட்டார் இணைப்பை வீட்டோடு குழப்பாதீர்கள். அதற்கு எண் தனி, விவசாய இணைப்பென்றால் பில்லே கிடையாது. வீடு காரைக்காலில் என்றால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. அங்கே புதுச்சேரி அரசின் மின்துறை, எண்ணின் அமைப்பும் வேறு.

12 இலக்கத்தையும் மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்தாயிற்று. மார்க்கர் பேனா ஐப்பசி அடைமழை ஈரத்துக்குத் தாங்காது.