சுங்கை சிப்புட்டில் தங்கினால் எங்கே போய்ச் சமைக்கலாம்?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் சுங்கை சிப்புட்டுக்கு இரண்டு வகை விருந்தாளிகள் வருவார்கள். கோலாலம்பூரில் குடியேறிவிட்ட நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு வகை. தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தங்கள் இன்னொரு வகை. முன்பெல்லாம் எங்கே சாப்பிடலாம் என்றுதான் கேட்பார்கள். இப்போது, "இந்த ஊர்ச் சமையலை நாமே செய்து பார்க்க இடம் இருக்கிறதா?" என்கிறார்கள். இருக்கிறது. இங்கிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடியதாக மூன்று வழிகள் உண்டு: பினாங்கின் சமையல் வகுப்பு, கோலகங்சார் பக்கத்து மலாய்க் கம்பம் (கிராமம்), நம் ஊரிலேயே ஒரு தோட்டத்து (எஸ்டேட்) அக்காவின் அடுப்பங்கரை. மூன்றும் ஒன்றல்ல. யாருக்கு எது என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

பினாங்கை முதலில் முடித்துவிடுகிறேன். தெலுக் பஹாங்கில் உள்ள டிராபிகல் ஸ்பைஸ் கார்டன் பலருக்கும் தெரிந்த இடம். செடி கொடிகளைப் பார்த்துவிட்டு அங்கேயே சமையல் வகுப்பிலும் சேரலாம். ஜாதிக்காயையும் ஏலத்தையும் டப்பாவில் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு அது நல்ல அனுபவம். ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பார்கள், இடம் சுத்தம், நேரத்துக்கு முடியும். ஆனால் இங்கிருந்து பாலம் தாண்டித் தீவின் வடமேற்கு மூலை வரை போக வேண்டும். போக வரவே அரை நாள் ஓடிவிடும். பொதுவாகவே சுற்றுலா வகுப்புகளில் எனக்கு ஒரு குறை உண்டு. வெங்காயம் நறுக்கியிருக்கும், மசாலா அரைத்திருக்கும், தேங்காய்ப்பால் அளந்து கிண்ணத்தில் இருக்கும். நாம் கொட்டிக் கிளறுவதுதான் பாக்கி. நகரத்து ஹோட்டல் ஒன்றில் நான் சேர்ந்த வகுப்பில் கிளறுவதையும் சமையல்காரரே பார்த்துக்கொண்டார். எங்களுக்கு ஏப்ரனும் போட்டோவும். அதனால் எந்த வகுப்பாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: மசாலாவை அரைப்பது யார்?

கோலகங்சார் கம்பத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அரைப்பது நீங்கள்தான். சுற்றுலா அமைச்சின் கிராம ஹோம்ஸ்டே திட்டம் 1995-இல் தொடங்கியது. இன்று அதில் சேர்ந்த கம்பங்களிலும், சேராத சில வீடுகளிலும், முன்பே சொல்லி வைத்தால் ஒரு நாள் சமையலுக்கு ஏற்பாடு செய்வார்கள். பேராக் என்றால் ரெண்டாங் தோக்தான்; தேங்காய்ப்பாலில் வற்றவைக்கும் மலாய் இறைச்சிக் கறி அது. மற்ற ரெண்டாங்குகளை விடக் கறுப்பாக, ஈரம் வற்றி, மசாலா இறைச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த மிளகாய், லெங்குவாஸ் (சித்தரத்தை வகை), செராய் (எலுமிச்சைப்புல்), இஞ்சி, மல்லி எல்லாம் தேங்காய்ப்பாலில் கொதித்து, பால் வற்றி எண்ணெயாகி, கடைசியில் இறைச்சி அந்த எண்ணெயிலேயே வறுபட வேண்டும். நாலு மணி நேரத்துக்குக் குறையாது. அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் ஆள் மாற்றி ஆள் கரண்டி பிடிப்பார்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது.

கற்றுக்கொள்ள வேண்டியது கெரிசிக். தேங்காய்த்துருவலை எண்ணெய் விடாமல் பொன்னிறம் தாண்டி வறுத்து, சூட்டோடு உரலில் இடித்தால் தூளாக இருப்பது மெல்ல எண்ணெய் கக்கி விழுதாகும். நாகர்கோவில்காரர்கள் பார்த்தவுடனே "தீயலுக்கு வறுப்பது மாதிரிதானே" என்பார்கள். வறுப்பது வரைக்கும் சரி. தீயலில் அது புளிக்குழம்போடு சேர்ந்து கரையும். இங்கே இறைச்சியின் மேல் கவசமாக நிற்கும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஆனால் மாற்றாகக் கோழி கேட்காதீர்கள். கோழி சீக்கிரம் வெந்து உதிர்ந்துவிடும், அந்த நாலு மணி நேரப் பாடம் கிடைக்காது. ஆட்டிறைச்சி கேளுங்கள். நம் பங்குக்குச் சமைத்த பதார்த்தம் எதையும் அந்த அடுப்பங்கரைக்குள் கொண்டுபோகாமல் இருப்பது மரியாதை. பழம் வாங்கிப் போகலாம். நோன்பு மாதத்தில் இந்தத் திட்டமே வேண்டாம்.

ரெண்டாங் வற்றும் நேரத்தில் பிள்ளைகள் நெளிவார்கள். ஒருவர் மட்டும் டவுனுக்கு அழைத்துப் போய், 1877-இல் நட்ட ரப்பர் கன்றுகளில் இன்றும் மிஞ்சி நிற்கும் அந்த ஒற்றை மரத்தைக் காட்டிவிட்டு வரலாம். நம் தாத்தாக்கள் கப்பலேறியதற்கு இந்த மரத்தின் வம்சம்தானே காரணம்!

அப்புறம் நம் ஊர். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்று மேடையில் பெருமையாகச் சொல்வோம். இங்கே என்ன சாப்பிட்டு வளர்ந்தோம் என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டு விருந்தாளிகளும் இதைத்தான் முதலில் ஒதுக்குவார்கள். "தோசை, குழம்பு எல்லாம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே" என்பார்கள். எனக்கு அங்கேதான் கருத்து வேறுபாடு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு), விறகடுப்பு என்று கற்பனையோடு வராதீர்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபோது நிறையக் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு டவுன் பக்கத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) வந்துவிட்டன. இன்றைய தோட்டத்துச் சமையல் கேஸ் அடுப்பில், மிக்சியில், டெரஸ் வீட்டின் பின்கட்டில் நடக்கிறது. கையும் நாக்கும் மட்டும் பழையவை.

அந்தக் கையில் என்ன இருக்கிறது? கறித்தூளை எடுங்கள். இங்கே மீனுக்கு ஒரு தூள், இறைச்சிக்கு ஒரு தூள். தாளிப்பில் அப்படியே தூவ மாட்டார்கள். தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, எண்ணெயில் போட்டு, பச்சை வாடை போய் எண்ணெய் மேலே மிதக்கும்வரை சிறு தீயில் வதக்குவார்கள். தூள் கருகாது, குழம்பின் நிறமே வேறாகும். மதுரையிலிருந்து வந்த என் உறவுக்காரப் பெண், இதைப் பார்த்தபின் ஊரில் மீன்குழம்பு வைக்கும் முறையையே மாற்றிக்கொண்டாள். ஆட்டிறைச்சிப் பெரட்டலில் கறிவேப்பிலையோடு பாண்டான் இலையும் விழும். நெத்திலிச் சம்பலுக்குக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, விதையை உதறி அரைப்பார்கள். தீயைக் கூட்டாமல் வதக்குவதில்தான் முழு ருசியும். பொறுமை இல்லாதவருக்குச் சம்பல் வராது.

சார்டின் டின் கறியையும் கருவாட்டுக் கறியையும் ஏழைச் சாப்பாடு என்று வெட்கப்பட்டு, கேட்டாலும் முதலில் மழுப்புவார்கள். விடாமல் கேளுங்கள். குளிர்ப்பெட்டி இல்லாத லயத்தில் கெடாமல் இருந்தவை, தோட்டத்துக் கடையில் கடனுக்குக் கிடைத்தவை அவைதான். விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே அடுப்பு மூட்டியாக வேண்டும். சீக்கிரம் முடிகிற சமையல்தான் கைக்கு வந்தது. மரவள்ளிக்கிழங்கு கேட்டால் ஜப்பான்காரன் காலத்து அரிசிப் பஞ்சம் பற்றிய கதையும் கூடவே வரும்.

இந்த வழியின் குறை, பலகையும் கிடையாது, பதிவும் கிடையாது. கோயிலில் சமைக்கிறவர்கள், கல்யாணத்துக்குக் கேட்டரிங் எடுக்கிற அக்காமார்கள் மூலம்தான் கேட்டுப் பிடிக்க வேண்டும். அளவு கேட்டால் "ஒரு கை, கண் பார்த்துப் போடு" என்பார்கள். சமைத்தே பழகாதவருக்கு அது தலைசுற்றல். இன்னொன்று, காசு விஷயம். "நம்ம ஆளுதானே, என்ன வெள்ளி கேட்கப் போகிறேன்" என்று அக்கா சொல்லும். அதை நம்பி ஒரு சேலையைக் கையில் திணித்துவிட்டு வராதீர்கள். பினாங்கு வகுப்பில் பேரம் பேசாமல் கட்டுகிறோம் இல்லையா? இங்கேயும் முதல் நாளே தொகை பேசி, சாமான் செலவைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களைத் தாமான் வீட்டுக்குத்தான் அனுப்புவேன். தெரிந்த சமையல் எங்கே திசை திரும்பியது என்று கண்டுபிடிக்க, ஏற்கெனவே சமைக்கத் தெரிந்த கண் வேண்டும். கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்குக் கம்பம். சம்பலும் பெரட்டலும் பாட்டி வீட்டிலேயே கிடைக்கும், அண்டைவீட்டு மலாய்க்காரரின் அடுப்பு பக்கம் அவர்கள் போனதே இருக்காது. பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள், முட்டை கூடப் பொரிக்காதவர்கள் கூட இருந்தால் பினாங்கு. அப்படியே கடலையும் பார்த்துவிட்டு வரலாம்.

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் கணக்கு மாறும். அக்காமார்களுக்கு முறுக்கு ஆர்டர் குவிந்திருக்கும், உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. ஆனால் முறுக்குப் பிழிய ஆள் தேவைப்படும். விடிகாலையிலேயே போய், பசியாறியது போதும் என்று கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கு யாரும் உங்களிடம் வெள்ளி வாங்கப் போவதில்லை.