சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம்: ஓத அட்டவணையோடு போக வேண்டிய இடம்

சிங்கப்பூரில் கால் நனையாமல் சதுப்புக் காட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் சுங்கை பூலோவுக்குப் போகலாம். கட்டணம் இல்லை. தினமும் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும். பாதை பெரும்பாலும் சமதளம் என்பதால் சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் தயங்காமல் நடக்கலாம். இவ்வளவு இருந்தும் "ஒரு பறவையும் இல்லை, வெறும் சேறுதான்" என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் நிறைய. அவர்கள் போன நேரம் சரியில்லை, அவ்வளவுதான். இங்கே என்ன பார்க்கக் கிடைக்கும் என்பது சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இடையிலான ஜொகூர் நீரிணையில் அந்த நேரத்தில் தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதைப் பொறுத்தது.

காரணம் எளிது. வலசை வரும் கரையோரப் பறவைகள் இரை தேடுவது காப்பகத்துக்குள் அல்ல, கிழக்கே மண்டாயில் விரிந்திருக்கும் சேற்றுத் திட்டில். கடல் வற்றியிருக்கும்வரை புழுவும் சிறு நண்டும் அங்கே தாராளம். தண்ணீர் ஏறி அந்தத் திட்டு மூழ்கியதும் நிற்க இடமில்லாமல் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி சுங்கை பூலோவின் குளங்களுக்கு வந்து இறங்கும். இந்தக் குளங்கள் பழைய இறால், மீன் வளர்ப்புக் குளங்கள். மதகுகளைத் திறந்தும் மூடியும் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதனால் வெளியே கடல் நிரம்பியிருக்கும்போதும் உள்ளே சேறு தெரியும், பறவைகள் நின்று ஓய்வெடுக்கும். கடல் வற்றத் தொடங்கியதும் மறுபடி மண்டாய்க்குப் பறந்துவிடும். ஆக, ஏற்றத்தில் போனால் பறவைகள். வற்றத்தில் போனால் குளங்கள் காலியாகத்தான் இருக்கும், ஆனால் சதுப்புக் காட்டின் தரை உயிர் பெற்றிருக்கும்.

நாள் தேர்ந்தெடுப்பது இப்படி. கடல்துறைத் துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையில் (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) அன்றைய ஏற்ற நேரத்தையும் உயரத்தையும் பாருங்கள். பறவைகளுக்காகப் போவதாக இருந்தால் ஏற்றம் 2.5 மீட்டருக்கு மேல் போகும் நாள் நல்லது. அதற்கும் குறைவான ஏற்றத்தில் மண்டாய்த் திட்டு முழுவதும் மூழ்காது, பறவைகளும் முழுசாக இடம்பெயராது. அட்டவணை கையில் இல்லையென்றால் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அவற்றை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிதாக இருக்கும், பெரும்பாலும் முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ உச்சத்தைத் தொடும். ஏற்ற நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு வாரத்தில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன ஞாயிறு பத்து மணிக்குக் குளம் நிறையப் பறவை பார்த்த நண்பர் சொன்னாரென்று இந்த ஞாயிறு அதே பத்து மணிக்குப் போனால் தலைகீழான காட்சிதான் கிடைக்கும்.

பிரதான மறைகுடிலுக்கு (பறவைகளின் கண்ணில் படாமல் உட்கார்ந்து பார்க்கும் குடில்) உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட வேண்டும். பறவைகள் வந்து இறங்குவதைப் பார்ப்பதுதான் சிறப்பு. வந்து நின்ற பிறகு பெரும்பாலானவை ஒற்றைக்காலில் அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிடும், அப்போது எது எதுவென்று பிரித்தறிவது சிரமம்.

வலசைக் காலம் செப்டம்பர் முதல் மார்ச் வரை. முதல் தடவை போகிறவர்கள் நான்கு பறவைகளை அடையாளம் தெரிந்துகொண்டு போனால் போதும். கூட்டத்தில் உருவம் பெரிது, அலகு கீழ்நோக்கி வளைந்தது, தலையில் பட்டைகள் என்றால் சின்னக் கோட்டான். எண்ணிக்கையிலும் சத்தத்திலும் இதுதான் முன்னே நிற்கும். காலும் அலகின் அடிப்பகுதியும் சிவப்பாக இருந்து, பறக்கும்போது சிறகின் பின்விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் பவளக்காலி. மங்கலான பச்சைக் கால், லேசாக மேல்நோக்கிய அலகு என்றால் பச்சைக்காலி. அலகு குட்டையாக இருந்து, நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்தி மறுபடி ஓடினால் அது உப்புக்கொத்தி வகை. முதுகில் பொன்னிறப் புள்ளிகள் இருந்தால் பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி. அந்தப் பவளக்காலியைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். இங்கே தடமறியும் கருவி பொருத்தி அனுப்பியவற்றில் சில இமயமலையைத் தாண்டி திபெத்தியப் பீடபூமிக்குப் போனது பதிவாகியிருக்கிறது.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் ஏற்றத்தைத் தேடாமல் வற்றத்தைத் தேடிப் போங்கள். நீர்மட்டம் 1 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரத்தில் சதுப்புக்காட்டுப் பலகைப் பாதைக்கு நிகரான வகுப்பறை கிடையாது. நீளம் வெறும் 500 மீட்டர், ஆனால் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வேகமாக நடந்தால் பலகையின் அதிர்வில் எல்லாம் வளைக்குள் போய்விடும். ஓரிடத்தில் நின்று ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். சேற்றுத்தாவி மீனின் கண்ணைத் தொலைநோக்கியில் பாருங்கள். தலைக்கு மேல் புடைத்திருக்கும் கண்ணை அவ்வப்போது உள்ளே இழுத்து, ஈரப்படுத்திக்கொண்டு, மறுபடி மேலே தள்ளும். செவுள் அறையில் தண்ணீரைத் தேக்கிவைத்துக்கொண்டும் ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடுவதால்தான் அதனால் நிலத்தில் இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது. பெரிய வகைச் சேற்றுத்தாவி தன் வளையைச் சுற்றிச் சேற்றால் வரப்புக் கட்டிச் சின்னக் குட்டை வைத்திருக்கும். பக்கத்தில் எரிமலை போலக் குவிந்திருக்கும் மேடுகள் சேற்று இறாலின் வேலை. இறாலைப் பார்ப்பது அரிது, ஆனால் அது தோண்டித் தள்ளுவதால்தான் காற்றில்லாத அடிமண் மேலே வந்து மற்ற உயிர்களுக்கு இடம் கிடைக்கிறது. தண்ணீர் ஏறும்போது அதே பாதையில் இன்னொரு காட்சி: நீரில் வரும் மீன்களுக்குத் தப்ப நண்டுகள் மரத்தண்டில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

முதலை பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். உண்டு, உப்புநீர் முதலைகள். பிரதான பாலத்தில் நின்று ஆற்றின் இரு கரையையும் பொறுமையாக அலசுங்கள். வற்றத்தில் சேற்றுக் கரையில் வெயில் காயும், சில சமயம் வாயைத் திறந்தபடியே கிடக்கும். அது கோபமில்லை, உடல் சூட்டைத் தணிக்கும் வழி. ஏற்றத்தில் கண்ணும் மூக்கும் மட்டுமே நீருக்கு மேல் தெரியும். பாதையில் குறுக்கே வரும் பெரிய பல்லி போன்றது முதலைக் குட்டியல்ல, நீர் உடும்பு. வழிவிட்டு நின்றால் அது தன்பாட்டுக்குப் போய்விடும். நீர்நாய்களை எதிர்பார்த்துப் போக முடியாது. குடும்பமாகத்தான் வரும், வந்தால் கீச்சுச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

போக்குவரத்துக்கு வருவோம். கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 925 பேருந்து. கிராஞ்சி நீர்த்தேக்கக் கார் நிறுத்தத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் வருகையாளர் நிலையம். கழிப்பறையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து கடலோரப் பாதை 1.3 கிலோமீட்டர், வழியில் நீரிணைக்கு அப்பால் ஜொகூர் பாரு தெரியும் மேடைகள். அது வலசைப் பறவைப் பாதையில் போய்ச் சேரும், அது 1.95 கிலோமீட்டர் சுற்றுப் பாதை. மறைகுடில்களும் கோபுரமும் இதில்தான். போய்த் திரும்ப மொத்தம் நாலரை கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் மூன்று மணி நேரம். பாலத்துக்கு அப்பால் பலகைப் பாதையையும் சேர்த்தால் நான்கு. சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் பாதை ஒத்துவரும், கோபுரத்துக்குப் படியேற வேண்டும். கோபுரத்தை நேரமில்லாதவர்கள் விட்டுவிடலாம். நிலப்பரப்பு முழுதாகத் தெரியும், பறவைகள் தெரிவது மறைகுடிலில்தான். பராமரிப்புக்காகப் பாதைகளை அவ்வப்போது மூடுவார்கள் என்பதால் கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கையில் வேண்டியவை குறைவு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, குடை. 8x42 தொலைநோக்கி (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். கைபேசியில் பறவைப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், தூரம் அதிகம். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். சாப்பாட்டை முடித்துக்கொண்டு வருவதே நல்லது. கைப்பிடியில் கை வைக்குமுன் ஒரு பார்வை பாருங்கள், சதுப்புக் காட்டுக் குழிவிரியன் கைப்பிடியை ஒட்டிய கிளையில் சுருண்டு அசையாமல் கிடப்பதுண்டு. நஞ்சுள்ளது, ஆனால் நெருங்காமல் விட்டால் பொதுவாகத் தீங்கு செய்யாது. சைக்கிள், செல்லப் பிராணிகள், மீன்பிடித்தல், டிரோன் எதற்கும் அனுமதி இல்லை. உயிரினங்களுக்குத் தீனி போடுவதும் கூடாது.

குறை என்று சொன்னால் வார இறுதிக் கூட்டம். முதலை தென்பட்டதும் பாலத்தில் எழும் கூச்சல் மறைகுடில்வரை கேட்கிறது. அந்தச் சத்தத்தில் பறவைக் கூட்டம் முழுக்க எழும்பிவிட்டால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டிய பறவைக்கு அது வீணாகச் செலவாகும் கொழுப்பு. முடிந்தவர்கள் வேலை நாளில் போங்கள், பிள்ளைகளிடம் மறைகுடிலுக்குள் நுழையுமுன்பே சொல்லி வையுங்கள்.

1986இல் பறவை ஆர்வலர்கள் கண்ணில் பட்டு, அவர்கள் அரசிடம் வாதாடியதால் தப்பிய இடம் இது. 1993 டிசம்பர் 6 அன்று இயற்கைப் பூங்காவாகத் திறந்தது, 2002இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற காப்பகமானது, இன்று 202 ஹெக்டேர். பறவைகளை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: தொண்டூழியர்கள் நடத்தும் வழிகாட்டி நடைக்கு முன்பதிவு செய்துகொண்டு போனால், தனியாகப் போகும்போது கண்ணில் படாத சிலந்தியும் நண்டும் மரவகையும் சேர்ந்து தெரியும். மாலையில் போகிறவர்கள் கடைசி ஒரு கிலோமீட்டரைக் கணக்கில் வைத்து ஆறு மணிக்கே திரும்பத் தொடங்குங்கள். நிழல் விழுந்ததும் கொசு அதிகமாகிவிடும், 925க்கான காத்திருப்பும் சில நேரம் நீளும்.