கேம்பிரிட்ஜ் நடைச்சுற்றுலா: காசு வாங்கிக்கொண்டு வாசலை மட்டும் காட்டுகிறார்கள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகிறவர்கள், குறிப்பாக ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் போகிறவர்கள், ஆன்லைனில் நடைச்சுற்றுலாவுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் போனது மே மாதம். விளம்பரத்தில் இருந்தது இதுதான்: கேம்பிரிட்ஜ் மாணவரே கூட்டிப்போவார், டிரினிட்டி, கிங்ஸ் இரண்டு கல்லூரிகளும் பார்க்கலாம், ராமானுஜன் நடந்த முற்றம், டிரினிட்டிக்குள் இருக்கும் ரென் நூலகம். ஆளுக்கு 38 பவுண்டு. அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராமானுஜன் கடைசிக் காலத்தில் கணக்குகள் எழுதிவைத்த 'தொலைந்த நோட்டு' 1976-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கையில் கிடைத்தது அந்த ரென் நூலகத்தில்தான். அதற்குள் ஒருமுறை போய் நின்றுவிட வேண்டும் என்று அப்பாவுக்கு வெகுநாள் ஆசை. அந்த ஒரு வரிக்காகத்தான் டிக்கெட்டே போட்டேன்.

டிரினிட்டியின் பெரிய வாசலுக்கு வந்தால் பலகை தொங்குகிறது: தேர்வுக் காலம், பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வழிகாட்டிப் பையன் ஏதோ அன்று காலையில்தான் தெரிந்த மாதிரி உதட்டைப் பிதுக்கினான். நான் வாசலில் நின்ற போர்ட்டரிடம், அதாவது கல்லூரி வாயில் பணியாளரிடம், போய்க் கேட்டேன். மூடிப் பல நாள் ஆயிற்றாம், தேர்வு முடியும்வரை இப்படித்தானாம், கல்லூரியின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்களாம். மூடியிருப்பது தெரிந்தேதான் அந்த வாரத்துக்கு டிக்கெட் விற்றிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். மழை, கூட்டம், தாமதம் இதெல்லாம் யாருக்கும் நடக்கும். இது அந்த வகை இல்லை.

கிங்ஸ் கல்லூரியின் சேப்பல் என்ற தேவாலயத்திலும் இதே கதை. நுழைவுக் கட்டணம் சுற்றுலாவில் சேராதாம். சுற்றுலா முடிந்தபின் வேண்டுமானால் நாமே தனியாக டிக்கெட் எடுத்துப் போய்க்கொள்ளலாமாம்.

சரி, எதைத்தான் காட்டினான்? டிரினிட்டி வாசல் மேலே செங்கோலுக்குப் பதிலாக நாற்காலிக் கால் பிடித்து நிற்கும் எட்டாம் ஹென்றி சிலை. கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி மூலையில் நேரத்தைத் தின்னும் பூச்சி உட்கார்ந்த தங்கமுலாம் கடிகாரம், 2008-இல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்துவைத்தது. டி.என்.ஏ. ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று 1953-இல் விஞ்ஞானி கிரிக் அறிவித்த ஈகிள் பப். எல்லாமே பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் தெருவில் நின்றால் தெரிபவை, சல்லிக்காசு தர வேண்டாம்.

சொன்ன கதைகளாவது சரியா என்றால் அதுவும் இல்லை. டிரினிட்டி வாசலருகே இருக்கும் ஆப்பிள் மரத்தைக் காட்டி, நியூட்டன் தலையில் பழம் விழுந்தது இதிலிருந்துதான் என்றான். அது லிங்கன்ஷயரில் நியூட்டன் பிறந்த வூல்ஸ்தோர்ப் வீட்டு மரத்தின் வழிவந்த ஒட்டுமரம். குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினாராம். நியூட்டன் இறந்தது 1727, பாலம் கட்டியது 1749! இதையெல்லாம் பொறுத்துக்கொண்டே வந்த அப்பா, நோயில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729 என்று சொன்ன கதை கேம்பிரிட்ஜில் நடந்தது என்று அவன் ஆரம்பித்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, ஹார்டி டாக்ஸியில போய்ப் பார்த்தது லண்டன்ல, பட்னி ஆஸ்பத்திரியிலன்னு இவனுக்கு யாரும் சொல்லலையா?" என்று என்னிடம் கேட்டார். அவனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். சிரித்து மழுப்பினான். எந்தக் கல்லூரியில் படிக்கிறாய் என்று கேட்டதற்குக் கடைசிவரை பதில் இல்லை.

முடிவில் நேரே ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ஒரு படகு ஏஜெண்டிடம் ஒப்படைத்தான். துடுப்புக்குப் பதில் கோல் ஊன்றித் தள்ளும் பண்ட் படகுதான் அங்கே பிரபலம். அதற்குத் தனிக் காசு, உடனே முடிவு சொல்ல வேண்டும் என்று நச்சரிப்பு வேறு. நடு ஊரில் இப்படி ஆள் பிடிப்பதை நிறுத்தத்தான் கேம்பிரிட்ஜ் மாநகராட்சி 2016-இல் தடை கொண்டுவந்தது. நாங்கள் ஏறவில்லை.

போகிறவர்களுக்கு: எந்தக் கல்லூரி எப்போது திறந்திருக்கும் என்பதை அந்தந்தக் கல்லூரியின் தளத்தில் பாருங்கள், சுற்றுலாக்காரன் சொல்வதை நம்பாதீர்கள். டிக்கெட்டில் உள்நுழைவு உண்டா, எந்தக் கட்டடத்துக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழிகாட்டி வேண்டும் என்றால் முறையாகப் பயிற்சி பெற்று ப்ளூ பேட்ஜ், கிரீன் பேட்ஜ் என்ற தகுதிச் சின்னம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள். கிங்ஸ் சேப்பலில் கல்லூரிப் பருவ நாட்களில் நடக்கும் ஈவன்சாங் என்ற மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் அன்றே வரிசையில் நின்று போனோம். ஆறாம் ஹென்றி 1446-இல் தொடங்கிய கட்டடம். விசிறி விரித்த மாதிரி போகும் அந்தக் கல் கூரையை அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகமும் இலவசம்.

பணம் திரும்பக் கேட்டேன். "கல்லூரி நுழைவு அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது" என்று விதிமுறைகளின் அடியில் இருக்கும் ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறார்கள். விளம்பரப் பக்கம், டிரினிட்டி வாசல் பலகை இரண்டின் படத்தையும் வைத்து வங்கியில் டிஸ்பியூட் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அந்த நிறுவனம் அதே ரென் நூலகப் படத்தைப் போட்டு ஜூன் முதல் வாரத்துக்கும் டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறது.