சோனி எக்ஸ்எம்5 ஹெட்போன்: பாட்டு கேட்க அல்ல, வேலையில் மூழ்க

சோனி 2022-ல் வெளியிட்ட டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 ஹெட்போனைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை பாட்டு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் அலசுகின்றன. இங்கே கேள்வி வேறு. எழுத்து, நிரல், கணக்கு, படிப்பு என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலையில், நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்துபோக இது உதவுகிறதா? உதவுகிறது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டால் பாதிப் பயன்தான் கிடைக்கும். அதில் உள்ள சில வசதிகள் கவனத்தைக் கெடுப்பவை. அவற்றை அணைத்து, சரியான சத்தத்தை உள்ளே ஓடவிட்ட பிறகுதான் இது வேலைக்கான கருவியாகிறது.

முதலில், இது எதை நீக்கும், எதை நீக்காது என்பது தெரிய வேண்டும். மொத்தம் எட்டு மைக்குகள் சத்தத்தைப் பிடிக்கின்றன. அதற்கு நேரெதிரான அலையை ஹெட்போன் காதுக்குள் அனுப்பி வெளிச்சத்தத்தை அடக்குகிறது. ஏசியின் ரீங்காரம், பேருந்து இன்ஜினின் உறுமல், விமானத்தின் இரைச்சல் போன்ற தாழ்ந்த, மாறாத ஒலிகளில் இந்த வித்தை அபாரமாக வேலை செய்யும். அலைவரிசை உயர உயர எதிரலையைச் சரியான நேரத்தில் உருவாக்குவது கடினம். ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் சத்தத்தைத் தடுப்பது முக்கியமாகக் காதை மூடியிருக்கும் குஷன்தான், மின்னணுச் சுற்று அல்ல. மனிதப் பேச்சின் சொற்களைப் பிரித்தறிய உதவும் மெய்யொலிகள் பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் இருக்கின்றன. அதனால் ஹெட்போனை மாட்டியதும் மின்விசிறி காணாமல் போகும். பக்கத்து மேசைக்காரரின் தொலைபேசி உரையாடல் மட்டும் மெலிதாக, ஆனால் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். முதன்முறை வாங்கியவர்கள் ஏமாற்றமடையும் இடம் இதுதான். ஹெட்போன் பழுதில்லை, பேச்சை இதுவரை மறைத்துக்கொண்டிருந்த இரைச்சலை அது அகற்றிவிட்டது, அவ்வளவே.

கவனத்துக்கு மிகப் பெரிய எதிரியும் அந்தப் பேச்சுதான். 1976-ல் கோல், வெல்ஷ் ஆகிய இரு உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், பின்னணியில் ஒலித்த அந்நிய மொழிப் பேச்சுகூட, வரிசையை நினைவில் வைக்கும் வேலையைக் கெடுத்தது. பொருள் புரியாவிட்டாலும் கெடுக்கிறது. பின்னர் நடந்த ஆய்வுகளும், சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட அது எவ்வளவு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று காட்டின. ஆகவே பேச்சைக் கொஞ்சம் குறைப்பதால் மட்டும் பெரிய பயனில்லை. அதைக் கேட்காமலே செய்ய வேண்டும், அல்லது மாறாத ஒரு சத்தத்தில் கரைத்துவிட வேண்டும். இரண்டாவது வழிக்கு இந்த ஹெட்போன் நன்றாகப் பொருந்துகிறது.

இனி அமைப்பு. சோனியின் சவுண்ட் கனெக்ட் செயலியை (முன்பு ஹெட்போன்ஸ் கனெக்ட் என்ற பெயரில் இருந்தது) ஒருமுறை திறந்து பின்வருவனவற்றைச் செய்தால் போதும்.

ஸ்பீக்-டு-சாட்டை அணையுங்கள். நீங்கள் பேசத் தொடங்கினால் ஒலியை நிறுத்தி வெளிச்சத்தத்தைத் திறந்துவிடும் வசதி இது. கடைக்காரரிடம் பேசும்போது நல்லதுதான். வேலை நேரத்தில் வாய்விட்டு ஒரு வரியைப் படித்தாலோ, இருமினாலோ, முணுமுணுத்தாலோ மொத்த மறைப்பும் விலகி, சில நொடிகள் கழித்துத்தான் திரும்பும். அணைத்த பிறகும் கவனம் தேவை: வலப்பக்கத் தொடுபரப்பில் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பிடித்தால் இது மீண்டும் ஆன் ஆகிவிடும். ஹெட்போனைச் சரிசெய்யும்போது தெரியாமல் அப்படி நடக்கும்.

அடாப்டிவ் சவுண்ட் கன்ட்ரோலையும் அணைக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா, நடக்கிறீர்களா என்று பார்த்து இரைச்சல் நீக்கத்தின் நிலையை இது தானாக மாற்றும். தண்ணீர் எடுக்க எழுந்தால் ஒரு நிலை, உட்கார்ந்தால் வேறு நிலை. வேலைக்குத் தேவை மாறாத ஒலிச்சூழல். அதை மாற்றும் எதுவும் வேண்டாம்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று: ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்களோடு இணையும் மல்டிபாயின்ட். கணினியோடும் கைப்பேசியோடும் இணைத்து வைத்தால், கைப்பேசியின் அழைப்பு மணி நேராகக் காதுக்குள் வந்து விழும். கைப்பேசியை வேறு அறையில் வைத்தாலும் ப்ளூடூத் எல்லைக்குள் இருந்தால் வரும். வேலை நேரத்தில் கணினியோடு மட்டும் இணையுங்கள். கணினியின் மின்னஞ்சல் மணி, அரட்டைச் செயலியின் ஒலி ஆகியவற்றையும் நிறுத்துங்கள். மேசை ஸ்பீக்கரில் கேட்கும் டிங் வேறு; காதை மூடிய ஹெட்போனுக்குள் கேட்கும் டிங் வேறு. பின்னது உடம்பையே ஒருமுறை உலுக்கும்.

விண்டோஸ் கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. ப்ளூடூத் ஹெட்போன் இரண்டு முறைகளில் இயங்கும்: பாட்டுக்கான ஸ்டீரியோ ஒன்று, அழைப்புக்கான ஹேண்ட்ஸ்-ஃப்ரீ ஒன்று. ஏதாவது ஒரு செயலி மைக்கைத் திறந்த உடனே ஒலி ஹேண்ட்ஸ்-ஃப்ரீக்கு மாறி, தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பின்னணியில் திறந்து கிடக்கும் வீடியோ அழைப்புச் செயலிதான் வழக்கமான காரணம். ஒலி திடீரென்று தகரம்போல் ஆனால் அதை மூடுங்கள்.

சரி, உள்ளே எதை ஓடவிடுவது? பாட்டு வேண்டாம், குறைந்தபட்சம் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். மொழியோடு தொடர்புடைய எந்த வேலையோடும் அது மோதும். வாத்திய இசை பரவாயில்லை, ஆனால் நன்றாக இருந்தால் மனம் அதன் பின்னால் போகும். மாறாத இரைச்சல் எல்லாவற்றையும்விட நம்பகமானது. இணையத்தில் புகழ்பெற்றது, தாழ்ந்த ஒலிகள் மிகுந்த பிரவுன் நாய்ஸ். காதுக்கு இதமாக, தொலைவில் கொட்டும் அருவிபோல இருக்கும். ஆனால் பேச்சை மறைக்க அது சரியான தேர்வு அல்ல. காரணம் எளிய கணக்கு. பிரவுன் நாய்ஸ் ஒவ்வோர் ஆக்டேவுக்கும், அதாவது அலைவரிசை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், 6 டெசிபல் குறைகிறது. இன்னொரு வகையான பிங்க் நாய்ஸ் 3 டெசிபல்தான் குறைகிறது. 125 ஹெர்ட்ஸிலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை நான்கு ஆக்டேவ். அப்படியானால் சொற்கள் தெளிவுபெறும் இடத்தில் பிரவுன் நாய்ஸ் 24 டெசிபல் தாழ்ந்துவிடும். பிங்க் நாய்ஸ் 12 டெசிபல்தான் தாழும். பிரவுனில் பேச்சை மூழ்கடிக்க வேண்டுமானால் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அதோடு, ஹெட்போன் பாடுபட்டு நீக்கிய தாழ்ந்த ஒலியையே நாம் திரும்ப உள்ளே ஊற்றுகிறோம். எல்லா அலைவரிசைகளும் சம அளவில் உள்ள வைட் நாய்ஸ் மறைக்கும், ஆனால் அதன் உச்ச ஒலிகள் சீறும். அரை மணியில் காது களைக்கும். பேச்சுள்ள இடத்துக்கு என் தேர்வு பிங்க் நாய்ஸ்தான். செயலியின் ஈக்வலைசரில் (ஒவ்வோர் அலைவரிசையையும் தனியாக ஏற்றி இறக்கும் பகுதி) 16 கிலோஹெர்ட்ஸை நன்றாகக் கீழே இறக்கி, 6.3-ஐச் சற்றுக் குறைத்து, 1, 2.5 ஆகியவற்றைத் தொடாமல் விட்டால் சீற்றம் போய்விடும், மறைப்பு அப்படியே இருக்கும். பேச்சே இல்லாத, இன்ஜின் சத்தம் மட்டும் உள்ள இடத்தில் எந்த நாய்ஸும் தேவையில்லை. இரைச்சல் நீக்கம் மட்டும் போதும்.

இணையத்தில் ஓடும் ஒலியை நம்பாதீர்கள். நடுவில் விளம்பரம் வரும், இணைப்பு அறும். பத்து நொடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும் செயலிகளும் உண்டு. அந்த ஒட்டை ஒருமுறை காது கண்டுபிடித்துவிட்டால் பிறகு அதற்காகவே காத்திருக்கும். சொந்தமாகக் கோப்பு செய்துகொள்வது எளிது. இலவச ஆடாசிட்டி மென்பொருளில் ஜெனரேட் பட்டியலில் நாய்ஸைத் தேர்ந்தெடுத்து, பிங்க் என்று குறித்து, ஒலியின் அளவை (ஆம்ப்ளிட்யூட்) 0.2 என்றும் நேரத்தை 60 நிமிடம் என்றும் கொடுங்கள். இரண்டு தனித்தனி டிராக்குகளாகச் செய்து, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வையுங்கள். ஒரே டிராக் என்றால் சத்தம் தலையின் நடுவில் குத்தி நிற்பதுபோல இருக்கும், இரண்டாக இருந்தால் அறை முழுதும் பரவியதுபோல இருக்கும். தொடக்கத்தில் 15 நொடி ஃபேட்-இன் (சத்தம் மெல்ல எழுவது), முடிவில் 60 நொடி ஃபேட்-அவுட் (மெல்ல அடங்குவது). சுருக்காத ஸ்டீரியோ கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 635 எம்பி ஆகும். 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 86 எம்பி. இந்த வேலைக்கு எம்பி3 தாராளமாகப் போதும்.

அந்தக் கடைசி ஃபேட்-அவுட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதுவே உங்கள் கடிகாரம். வேலையின் நடுவே அலாரம் அடித்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மனத்தை இழுத்து நிறுத்தியது போலாகும். சத்தம் மெல்ல அடங்கினால், மூழ்கியிருப்பவர் கவனிக்காமலே தொடர்வார். களைத்தவர் உடனே கவனித்து எழுவார்.

ஒலியளவு குறைவாகவே இருக்கட்டும். பணியிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அனுமதிக்கும் நேரம் பாதியாகும். நமக்கு அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகத் தேவையில்லை. முறை இது: யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது பூஜ்ஜியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். பேச்சு நடக்கிறது என்று தெரிந்தாலும் சொற்கள் பிடிபடாத இடத்தில் நிறுத்துங்கள். பேச்சு முழுதும் மறையும்வரை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சொல் பிடிபடாத அளவுக்கு இரைச்சலில் கரைந்தாலே பேச்சின் ஏற்ற இறக்கமும் மங்கி, தொந்தரவில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

இரைச்சல் நீக்கம் பலவீனமாக இருப்பதாகத் தோன்றினால் முதலில் நீங்கள் அணியும் மூக்குக் கண்ணாடியைக் கவனியுங்கள். தடித்த கண்ணாடிக் காம்பு குஷனுக்கும் தோலுக்கும் நடுவே சந்து உண்டாக்கும். அதன் வழியாகத் தாழ்ந்த ஒலி நுழையும். காதை மறைக்கும் முடியும் அதையே செய்யும். மெல்லிய காம்புள்ள கண்ணாடி உண்மையாகவே வித்தியாசம் காட்டும். சிலருக்கு இரைச்சல் நீக்கத்தின்போது காதுக்குள் அழுத்தம்போலவும் தலை கனப்பதுபோலவும் இருக்கும். நாளாக ஆகப் பழகலாம். பழகாவிட்டால் செயலியில் அதை முழுதும் அணைத்துவிட்டு பிங்க் நாய்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை மறைப்பதில் பெரும்பங்கு எப்படியும் அதனுடையதுதான்.

எடை 250 கிராம். இரண்டு மணி நேரம் வரை தலை நோகாது. குஷன் செயற்கைத் தோல் என்பதால் வெக்கையில் காது வியர்க்கும். வியர்வைக்கோ தண்ணீருக்கோ எந்தப் பாதுகாப்புச் சான்றும் இதற்கு இல்லை, ஆகவே மணிக்கு ஒருமுறை கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். சார்ஜ் 30 மணி நேரம் தாங்கும். சார்ஜ் ஏறும்போது ஹெட்போன் அணைந்துவிடும் என்பதுதான் குறை. சாப்பாட்டு நேரத்தில் செருகிவிடுவது வழக்கமானால் பிரச்சினை வராது. யாராவது வந்து பேசினால் கழற்ற வேண்டாம்: வலப்பக்கக் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடினால் ஒலி தணிந்து அவர் குரல் கேட்கும், கையை எடுத்தால் பழைய நிலை. இந்த ஒரு வசதி மட்டும் வேலைக்கென்றே செய்ததுபோல இருக்கிறது.

இதற்குப் போட்டி இன்னொரு ஹெட்போன் அல்ல, பஞ்சுபோன்ற நுரைக் காதடைப்பான். ஆய்வக அளவீட்டில் 33 டெசிபல் வரை குறைக்கும் வகைகள் கிடைக்கின்றன. பேச்சின் அலைவரிசையிலும் நன்றாகத் தடுக்கும். ஆனால் நுனியை மட்டும் செருகினால் அதில் பாதிகூடக் கிடைக்காது. மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, விரியும்வரை 30 நொடி விரலால் பிடிக்க வேண்டும். தாழ்ந்த ரீங்காரம் இல்லாத, எப்போதாவது பேச்சு கேட்கும் வீட்டில் இதுவே போதும், ஹெட்போனுக்குச் செலவழிக்காதீர்கள். மெல்லும் சத்தமும் சொந்தக் குரலும் தலைக்குள் முழங்குவது இதன் தொல்லை. மிக மோசமான இடத்தில் காதடைப்பானைப் போட்டு மேலே ஹெட்போனை மாட்டலாம். அந்தக் கூட்டணியை எதுவும் எளிதில் துளைக்காது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தன்னை மறந்து வேலையில் ஒன்றும் நிலையை ஆராய்ந்த மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, 1970-களிலிருந்தே வலியுறுத்திய நிபந்தனைகள் மூன்று: தெளிவான இலக்கு, செய்வது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிவது, திறமைக்கு ஏற்ற சவால். எந்த ஹெட்போனும் இவற்றில் ஒன்றைக்கூடத் தராது. அதனால் மாட்டுவதற்கு முன்பே ஒரு தாளில், இந்த ஒரு மணி நேரத்தில் முடிக்கப்போவது என்ன, அதில் முதல் அசைவு எது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். 'அறிக்கை எழுத வேண்டும்' என்பது போதாது. 'இரண்டாம் பகுதியின் மூன்று பத்திகள், முதலில் அட்டவணையிலுள்ள எண்களைச் சரிபார்த்தல்' என்று இருக்க வேண்டும். வேலை மிகச் சுலபமாக இருந்து மனம் அலைந்தால் பகுதியைப் பெரிதாக்குங்கள். மலைப்பாக இருந்தால் உடைத்துச் சிறிதாக்குங்கள். முதல் கால் மணி நேரம் மனம் அங்குமிங்கும் ஓடத்தான் செய்யும். அந்த நேரத்தில் ஒலியளவையோ ஈக்வலைசரையோ தொட்டுக்கொண்டிருந்தால் ஹெட்போனே புதிய கவனச்சிதறலாகிவிடும்.

குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொண்டே வேலை செய்பவர்கள், இயந்திரத்தின் சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். பையில் போட்டு ஊர் ஊராக எடுத்துச் செல்பவர்களும் யோசிக்க வேண்டும். முந்தைய எக்ஸ்எம்4 போல இது மடங்காது, உறை பெரிது. அவர்களுக்கும், சார்ஜ் ஏறும்போதே பயன்படுத்த விரும்புபவர்களுக்கும் 2025-ல் வந்த எக்ஸ்எம்6 பொருத்தமானது. மற்றபடி ஒரே மேசையில், மற்றவர்களின் பேச்சுக்கு நடுவே வேலை செய்பவர்களுக்கு எக்ஸ்எம்5 போதும். வாங்கிய அன்றே ஸ்பீக்-டு-சாட், அடாப்டிவ் சவுண்ட் கன்ட்ரோல், மல்டிபாயின்ட் ஆகிய மூன்று வசதிகளையும் அணைத்து, ஒரு மணி நேரக் கோப்பைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.