ஸ்விஃப்ட் காரில் மாற்றுச் சைலன்சர்: குன்னூர், ஊட்டி சாலைகளில் ஓட்டிப் பார்த்த மதிப்பீடு

என்னுடைய 2018-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்குக் கோவையில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் ‘கேட்-பேக்’ எக்ஸாஸ்ட் பொருத்தி, குன்னூரிலிருந்து ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஓட்டிவருகிறேன். புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் பெட்டியான கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடாமல், அதற்குப் பின்னால் வரும் குழாய், ரெசனேட்டர் (ரீங்காரத்தை அடக்கும் சிறு பெட்டி), சைலன்சர் ஆகியவற்றை மட்டும் மாற்றும் ஏற்பாடு இது. பொருளும் பொருத்துகூலியும் சேர்ந்து 25,000 ரூபாயை ஒட்டி ஆயிற்று. சமவெளியில் இதே வகைக் கிட்டைப் புகழ்கிறவர்களின் அனுபவம் மலையில் அப்படியே பொருந்தாது என்பதால் இதை எழுதுகிறேன்.

வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாய், சீரான ஆர்கான் வெல்டிங், புதிய ஹேங்கர் ரப்பர்கள், பம்பரில் எங்கும் உரசாத பொருத்தம். நீலகிரியில் ஸ்டெயின்லெஸ் வெறும் பகட்டு அல்ல. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, குளிர்காலக் காலையில் மார்க்கெட் வரை போய்த் திரும்பும் குறும்பயணங்களில், சைலன்சர் சூடேறி உலர்வதற்குள் உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடுகிறது. சாதாரண இரும்புச் சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவதற்கு அதுவே போதும்.

சத்தம் உண்மையிலேயே மாறியிருக்கிறது. கம்பெனி சைலன்சருக்குள் அறைகளும் தடுப்புகளும் இருக்கும். புகை அவற்றில் மோதித் திரும்பும்போது ஒலியலைகள் ஒன்றையொன்று அடித்து அடங்கும். இந்தச் சைலன்சரிலோ புகை நேராகச் செல்ல ஒரு துளையிட்ட குழாயும், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும்தான் உண்டு. பஞ்சு கீச்சொலியை நன்றாக உறிஞ்சும், அடித்தொண்டை ஒலியை அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே வெளியே நின்று கேட்பவருக்குக் கரகரப்பு இல்லாத, கனமான, மிகவும் நல்ல ஒலி கேட்கிறது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலில் அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுகளைத் தாண்டும்போது ஓட்டுகிறவருக்கு உற்சாகம் வருவதை மறுக்க மாட்டேன்.

உள்ளே உட்கார்ந்திருப்பவரின் நிலை வேறு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை எரிதல் நிகழ்வதால், நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 சுற்றுகள் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 83 முதல் 100 அதிர்வுகள் குழாய் வழியே வருகின்றன; பஞ்சு விட்டுவிடுகிற இந்தத் தாழ்ந்த ஒலி காரின் கூட்டுக்குள் சேர்ந்து ரீங்கரித்துக் காதை அடைக்கிறது. நெடுஞ்சாலையில் கியரை மாற்றி இதைக் கடந்துவிடலாம். பர்லியாற்றிலிருந்து குன்னூருக்கு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே இரண்டாம் கியரில் 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற எவரும் சரியாக இந்தச் சுற்றுகளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இறக்கத்திலும் எஞ்சின் பிரேக்குக்காக அதே கியர்தான். அப்போது ரீங்காரம் குறைந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் ஒரு பொருமல் தொடர்கிறது. பின்சீட்டில் வயதானவர்கள் இருந்தால் கோத்தகிரி வழி இறங்கி முடிப்பதற்குள் தலைவலி என்பார்கள். என் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இனி இழுவை. “அஞ்சு எச்.பி. கூடும், சார்” என்றார் பொருத்தியவர். டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினுக்குக் கேட்-பேக் மட்டும் மாற்றினால், மேல் சுற்றுகளில் ஓரிரு குதிரைத்திறன் கூடினாலே பெரிது. ஏனெனில் அந்த எஞ்சினுக்குக் கம்பெனி குழாய் அப்படியொன்றும் நெருக்கடி அல்ல. காகிதத்தில் 83 குதிரைத்திறன் உள்ள இந்த எஞ்சின் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியை அடையும்போது, காற்றின் அடர்த்தி குறைவதாலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. உள்ளே போகும் காற்று குறைந்தால் வெளியே வரும் புகையும் குறையும்; அதாவது, கம்பெனி சைலன்சர் சமவெளியில் கொடுத்த சிறு தடையைக்கூட மலையில் கொடுப்பதில்லை. நீக்குவதற்குத் தடையே இல்லாத இடத்தில் தடை நீக்கியை விற்கிறார்கள் என்பதே என் மதிப்பீடு.

குழாயின் விட்டத்தை இன்னும் பெரிதாக்கும் யோசனையையும் முன்வைத்தார்கள், நான் ஏற்கவில்லை. ‘பேக் பிரஷர் (வெளியேறும் புகைக்கு எதிரான அழுத்தம்) இருந்தால்தான் டார்க் (சுழற்றும் விசை) இருக்கும்’ என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்வது பாதி உண்மை. தேவைப்படுவது தடை அல்ல, புகையின் வேகம்: ஒரு சிலிண்டரிலிருந்து விரைந்து வெளியேறும் புகை, பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் அளவுக்கு மிஞ்சினால் அந்த வேகம் தளர்ந்து, வளைவிலிருந்து எழும்போது நமக்கு வேண்டிய கீழ்ச்சுற்று டார்க் குறையக்கூடும். டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைவது அதற்கு நேரடி ஆதாயம், உயரத்திலும் அது குறைவாகவே மூச்சு வாங்கும். அவர்கள் யோசிக்கலாம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒலி, காற்று மாசு தொடர்பான விதிகளை மீறும் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தவிர, தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டெருமை நிற்கிற கோத்தகிரி சாலையில் இரவில் இரைந்துகொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை.

குழாய் வாயில் செருகும் அடைப்பான் ஒன்றைத் தனியாக விற்கிறார்கள். அதைப் போட்டபின் மேல்சத்தம் அடங்குகிறது, இரண்டாம் கியர் ரீங்காரம் பாதிதான் குறைகிறது. கூடுதலாக ஒரு ரெசனேட்டர் வைக்கச் சொல்லிப் பொருத்துவதே மேல்.

பொருத்தப் போகிறவர்கள் கழற்றிய பழைய சைலன்சரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்: அதன் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் செக் எஞ்சின் விளக்கை எரியவிடும், புகைச் சோதனையில் கார் தேறாது, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பெட்டிக்குப் பழைய பொருள் சந்தையில் நல்ல விலை உண்டு என்பது எடுக்கச் சொல்கிறவருக்குத் தெரியும்.