சி.இ.எஸ்.எம்.2 காலநிலை மாதிரி: முதலில் சின்ன கேஸை ஓட்டுங்கள்

கொலராடோவின் போல்டர் நகரில் இருக்கும் அமெரிக்க தேசிய வளிமண்டல ஆய்வு மையம், அதாவது என்கார், 2018 ஜூனில் வெளியிட்ட மாதிரி சி.இ.எஸ்.எம்.2; பூமியின் காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் நிரல் இது. காசு கிடையாது, மூல நிரலையும் முழுசாகத் தருகிறார்கள். காற்று, கடல், நிலம், கடல்பனி, ஆறு, பனித்தகடு ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். இவற்றுக்கிடையே வெப்பத்தையும் நீரையும் கைமாற்ற ஒரு கப்ளர். எந்தப் பகுதியை வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் கோப்பிலிருந்து தரவைக் கொடுத்து ஓட்டலாம். இந்த மாதிரியின் பெரிய பலமே அதுதான். ஆனால் புதிதாக வருகிறவர்களில் பலர் நேராக முழு மாதிரியில் கை வைத்து, பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

நிறுவுவதில்தான் முதல் சிக்கல். நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் 2024இல் எஸ்விஎன் என்ற பழைய முறையில் நிரல் இறக்கும் ஆதரவை நிறுத்திவிட்டதால், பழைய வெளியீடுகளில் துணை நிரல்கள் இறங்காமல் நின்றுவிடும். 2.1 வரிசை வேண்டுமென்றால் அதன் கடைசி வெளியீட்டை எடுங்கள். உங்கள் கணினியின் விவரத்தை கான்ஃபிக்_மெஷின்ஸ் கோப்பில் நீங்களேதான் எழுத வேண்டும். கம்பைல் நின்றுபோனால் தரவுக் கோப்புகளைப் படித்து எழுதும் நூலகமான நெட்சிடிஎஃப்பை முதலில் சந்தேகப்படுங்கள். அதன் ஃபோர்ட்ரான் நூலகமும் இந்த மாதிரியும் ஒரே கம்பைலரில் கட்டப்பட்டிருக்க வேண்டும். நூலகம் ஜிஃபோர்ட்ரானில், மாதிரி இன்டெல்லில் என்றால் வேலைக்காகாது.

அதைத் தாண்டிவிட்டால், ஒரு கேஸை, அதாவது ஒரு ஓட்டத்துக்கான அமைப்பை, உருவாக்கி ஓட்ட மீதி நான்கே கட்டளை: கிரியேட்_நியூகேஸ், கேஸ்.செட்டப், கேஸ்.பில்ட், கேஸ்.சப்மிட். எந்தெந்தப் பகுதி ஓட வேண்டும் என்று சொல்லும் தொகுப்புக்கு காம்ப்செட் என்று பெயர். முதல் கட்டளையில் கொடுக்கும் காம்ப்செட் பெயர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நிலமே இல்லாத நீர்க்கோளம் வேண்டுமா, க்யூபிசி6. கடல் மேற்பரப்பு வெப்பநிலையைக் கோப்பிலிருந்து வாங்கிக்கொண்டு காற்றையும் நிலத்தையும் மட்டும் ஓட்ட எஃப்2000கிளைமோ. எல்லாமே சேர்ந்து ஓட பி1850. என்கார் சரிபார்க்காத காம்ப்செட்டையும் கட்டத்தையும் (பூமியை எவ்வளவு பெரிய கட்டங்களாகப் பிரிப்பது என்ற தேர்வு) சேர்த்துக் கேட்டால் கேஸ் உருவாகாது. ரன்-அன்சப்போர்ட்டட் என்று தனியாகச் சொன்னால்தான் விடும். நல்ல ஏற்பாடு இது, எரிச்சல்பட ஒன்றுமில்லை.

எஃப்2000கிளைமோ போன்ற எஃப் காம்ப்செட்டில் கரியமில வாயுவை இரட்டிப்பாக்கிவிட்டு “பூமி சூடாகவே இல்லையே” என்று முடிவெழுதுவது ஆய்வேடுகளில் நடக்கக்கூடிய தவறு. அங்கே கடல் வெப்பநிலை கோப்பில் பூட்டிக் கிடக்கிறது, பிறகு எப்படிச் சூடாகும்? அந்த ஓட்டத்தில் கிடைப்பது கதிர்வீச்சு உந்தலின் (பூமிக்குக் கூடுதலாகச் சேரும் ஆற்றலின்) அளவு, வெப்பநிலை உயர்வு அல்ல. உயர்வைப் பார்க்க ஆழமில்லாத ஸ்லாப் கடலாவது வேண்டும்; அது சில பத்தாண்டுகளில் நிலைக்கு வந்துவிடும். முழுக் கடலுக்கு ஆயிரம் ஆண்டு ஓட்டினாலும் அடியாழம் மெல்ல நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பி1850ஐ வெறும் தொடக்க நிலையிலிருந்து கிளப்பாதீர்கள். என்கார் தரும் ரீஸ்டார்ட் கோப்புகளிலிருந்து, அதாவது ஏற்கெனவே ஓடி முடித்த நிலையிலிருந்து, தொடங்குங்கள்.

எதையும் மாற்றாமல் சப்மிட் செய்தால் மாதிரியின் நாள்காட்டியில் ஐந்து நாள் ஓடி நின்றுவிடும். ஸ்டாப்_ஆப்ஷன் (நாளா, மாதமா, ஆண்டா என்ற அலகு), ஸ்டாப்_என் (அதில் எத்தனை) இரண்டையும் எக்ஸ்எம்எல்சேஞ்ச் கட்டளை கொண்டு மாற்ற வேண்டும். நின்ற இடத்திலிருந்து தொடர கன்டின்யூ_ரன்னை ட்ரூ ஆக்க மறந்தால், ஓட்டம் முதல் நாளிலிருந்தே மறுபடி தொடங்கும். எந்தப் பகுதிக்கு எத்தனை செயலிக் கோர் என்ற பங்கீட்டை மாற்றினால் கேஸ்.செட்டப்பை ரீசெட்டோடு ஓட்டி, மறுபடி பில்ட் செய்யுங்கள்.

வெளியீட்டுக் கோப்பில் ஒரு பொறி இருக்கிறது. காற்றுப் பகுதியின் மாதச் சராசரியில் நேர முத்திரை மாதத்தின் முடிவில் விழும். கோப்பின் பெயரில் 0001-10 என்று இருக்கும், உள்ளே தேதி நவம்பர் 1. பைத்தானின் எக்ஸ்அரே நூலகத்தில் திறந்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று வெட்டினால், கையில் வருவது செப்டம்பர் முதல் நவம்பர் வரையான மழை. வடகிழக்குப் பருவமழையை ஆராய்கிறவருக்கு இந்த ஒன்றே முழு முடிவையும் கெடுத்துவிடும். டைம்_பிஎன்டிஎஸ் மாறியில் இருக்கும் இரு எல்லைகளின் நடுப்புள்ளியை எடுத்து தேதியைத் திருத்திக்கொள்ளுங்கள். மழையும் ப்ரெக்சி (வெப்பச்சலன மழை), ப்ரெக்எல் (பெரும்பரப்பு மழை) என இரண்டு துண்டாக, வினாடிக்கு மீட்டர் கணக்கில் வரும். இரண்டையும் கூட்டி 8.64 கோடியால் பெருக்கினால் நாளுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும்.

வழக்கமான கட்டம் 0.9க்கு 1.25 பாகை, காற்றில் 32 அடுக்கு, கடலில் 60 அடுக்கு. கோவையின் அட்சரேகையில் ஒரு கட்டத்தின் கிழக்கு மேற்கு அகலம் சுமார் 137 கிலோமீட்டர். பாலக்காட்டுக் கணவாயின் அகலமோ 30 கிலோமீட்டர் அளவுதான், எனவே இந்த மாதிரிக்கு அப்படியொரு கணவாயே கிடையாது. மேற்குத்தொடர்ச்சி மலையும் தாழ்ந்த மேடாகத்தான் தெரியும். மாவட்ட வாரியாக மழை சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொரு குறை ஆழமானது. கரியமில வாயு இரட்டித்தால் இறுதியில் எவ்வளவு சூடாகும் என்ற கேள்விக்கு இது சொல்லும் விடை 5.3 பாகை செல்சியஸ். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை 2.5 முதல் 4 வரை இருக்கலாம் என்கிறது. கடைசிப் பனியுகத்தை இதில் ஓட்டிப் பார்த்தபோது பூமி 11 பாகைக்கும் மேல் குளிர்ந்தது. படிவுச் சான்றுகள் காட்டுவது அதில் ஏறக்குறைய பாதி. தேடிப் பார்த்ததில், மேகப் பனித்துகள்களின் எண்ணிக்கைக்கு நிரலில் வைத்திருந்த பொருந்தாத ஒரு வரம்பு அகப்பட்டது. அதை நீக்கி, மேக நுண்ணியற்பியலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்கிடுவது என்ற காலப்படியையும் சுருக்கியதும் விடை 4 பாகையை ஒட்டி இறங்கியது. தவறு இருந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதே, திறந்த நிரலுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனாலும் இயல்பு வடிவத்தில் ஓட்டி வந்த வெப்ப உயர்வை அப்படியே எதிர்காலக் கணிப்பாக எழுதுவது தப்பு.

முழு மாதிரி ஒரு ஆண்டை ஓட்டவே ஆயிரக்கணக்கான கோர்-மணி (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுவது ஒரு கோர்-மணி) தின்னும். உங்கள் கேள்வி இயற்கையான ஏற்ற இறக்கம் பற்றியதென்றால் ஓட்டவே வேண்டாம். தென்கொரியாவின் பூசானில் உள்ள காலநிலை இயற்பியல் மையத்தோடு சேர்ந்து என்கார் 1850 முதல் 2100 வரை 100 தடவை ஓட்டி வைத்திருக்கிறது, தரவு இலவசம். தேவையான மாறியை மட்டும் இறக்குங்கள். மேலே சொன்ன தேதித் திருத்தம் அதற்கும் தேவை.